தட்டினால் விட வேண்டும்

என் வீட்டுக்காரர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். அடிப்பாரா? இல்லை. குடிப்பாரா? கிடையாது. அப்புறம் உனக்கு என்னதான் குறை என்பார்கள். குறை என் மணிக்கட்டில் இருந்தது. அதை எப்படி எடுத்துக் காட்டுவது?

அவர் பேசும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பு துருத்துகிற இடத்தில். பேச்சு முடிகிறவரை விட மாட்டார். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, கீழே கடையில் வாடிக்கைக்காரர் மணியடித்தாலும் சரி. "விடுங்க" என்றால் சிரிப்பார். "விடமாட்டேன். என்ன பண்ணுவே?" கதவருகே நின்றால் நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொள்வார், நான் குனிந்து அந்தக் கைக்கு அடியில் நுழைந்துதான் போக வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சல். "இத்தனை வருஷம் கழிச்சும் பொண்டாட்டி கையை விடாம இருக்காரே, குடுத்து வெச்சவம்மா நீ" என்று ஒரு வாடிக்கைக்காரம்மா என் எதிரிலேயே கண் கலங்கினார். நான் சிரித்து வைத்தேன்.

எங்களுடையது சலவைக் கடை. கீழே கடை, மேலே வீடு. மாடிப்படி நேராகக் கடைக்குள் வந்து இறங்கும். அங்கிருந்து தெருவுக்குப் போகக் கல்லாவைத் தாண்ட வேண்டும். கல்லாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தூக்குப் பலகை. அதைத் தூக்கினால்தான் வழி. பலகைக்குப் பக்கத்தில் எப்போதும் அண்ணி, அவருடைய அக்கா, உட்கார்ந்திருப்பார். "எங்க?" என்று கேட்காமல் அவர் அந்தப் பலகையைத் தூக்கியதே இல்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கல்யாணமாகிப் போன வேகத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வந்த நாளிலிருந்து பலகை அவர் பொறுப்பு.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை என் வீட்டுக்காரர் வேனில் கொண்டுபோய்க் கொடுப்பார். பக்கத்துத் தெருக்களுக்கான சின்ன மூட்டைகள் என் பங்கு, நடந்து போய்க் கொடுக்க வேண்டும். மத்தியானத்தில் அந்த ஒன்றரை மணி நேரம்தான் நான் வானத்தைப் பார்ப்பது. "டெலிவரி" என்பேன், அண்ணி மூட்டையைப் பார்ப்பார், பலகை எழும்.

நான் பாட்டுக்கு இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன், பாப்பா இல்லாவிட்டால்.

அவளுக்கு ஒன்பது வயது. ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் அவளைப் பிடித்துக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருந்தார். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு "போதும்ப்பா" என்றாள். "போதுமா? யாரு சொன்னா?" என்று அவர் இன்னும் இறுக்கினார். நான் இஸ்திரி போட்ட சட்டைகளோடு படியேறி வந்தேன். பாப்பா திமிறவில்லை, கத்தவும் இல்லை. உடம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி, முடியட்டும் என்று காத்திருந்தாள்.

அந்தக் காத்திருப்பு என் சரக்கு. உடம்பை விட்டுவிட்டால் அவருக்குச் சீக்கிரம் சலித்துப் போகும் என்று நானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தது. யாருக்கும் சொன்னதில்லை. குழந்தை பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கையை எப்படி உருவிக்கொள்வது, அது ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்து குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எங்கே கற்பது என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த மூன்று கராத்தே பள்ளிகளின் உடுப்பும் எங்கள் கடைக்குத்தான் வரும். எனக்கு அப்போது எல்லாமே கராத்தே. எது நல்ல பள்ளி என்று யாரையும் கேட்கவில்லை; கேட்டால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் சேதி வந்துவிடும். சலவைக்காரி வேறெப்படிப் பார்ப்பாள்? துணியை வைத்துப் பார்த்தேன். ஒரு பள்ளியின் உடுப்பு வரும்போதே பளிச்சென்று இருக்கும், துவைக்கிற நமக்கே கூச்சமாயிருக்கும். இன்னொன்றில் காலரில் ரத்தப் பொட்டு. மூன்றாவது பள்ளியின் உடுப்பைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. கோணிச் சாக்கு மாதிரித் தடிமன், முதுகெல்லாம் அழுக்கு, கழுத்துப்பட்டை பிய்ந்து, தைத்து, மறுபடி பிய்ந்து தொங்கும். ஒழுங்காக இருக்கிறவர்கள் துணியை ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்பது எங்கள் தொழிலில் யாரும் சந்தேகப்படாத விஷயம். பளிச்சென்ற பள்ளிக்கே போனேன்.

மாடியில் பெரிய ஹால், சுவர் முழுக்கக் கண்ணாடி, அலமாரி நிறையக் கோப்பைகள். இருபது பேர் வரிசையாக நின்று காற்றை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் விரல்கூடப் படவில்லை. துணி ஏன் அழுக்காவதில்லை என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். மூட்டையைக் கொடுத்துவிட்டு, தலைமுடியைப் படிய வாரியிருந்த மாஸ்டரிடம் கேட்டேன்.

"சார், ஒருத்தர் நம்ம கையைப் பிடிச்சுக்கிட்டா எப்படி எடுக்கறது?"

"அதெல்லாம் பச்சை பெல்ட்ல வரும்மா. இப்ப சேர்ந்தா மூணு வருஷத்துல வந்துடலாம்."

அதுவரைக்கும் கையைப் பிடிக்காதீங்க, இன்னும் பச்சை பெல்ட் வரலை என்று வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா? மாஸ்டர் பாட்டுக்குத் தன்னம்பிக்கை, ஆளுமை என்று அடுக்கிக்கொண்டே போனார். போன தடவை மூட்டையின் காலிப் பையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ரத்தப் பொட்டுப் பள்ளிக்கு அடுத்த வாரம் போனேன். அங்கே விரல் படாமல் என்ன, எல்லாமே பட்டது. மாஸ்டருக்குத் தொண்டை எப்போதும் உச்சத்தில். பெரிய பையன் ஒருவன் சின்னவன் ஒருவனைக் குப்புறப் போட்டுக் கையை முதுகுப்பக்கம் முறுக்கியிருந்தான். சின்னவன் இன்னொரு கையால் தரையைப் பட்பட்டென்று அடித்தான். எனக்கு அது என்னவென்று புரியவில்லை, கோபத்தில் அடிக்கிறான் என்று நினைத்தேன். பெரியவன் மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தான். மாஸ்டர், "இன்னும் கொஞ்சம்" என்றார். பெரியவன் இன்னும் கொஞ்சம் முறுக்கினான். சின்னவன் தரையை அடிப்பதை நிறுத்திவிட்டான். உடம்பைத் தொளதொளவென்று விட்டான்.

நான் மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். இதைக் கற்றுக்கொள்ள வெளியே வேறு போக வேண்டுமா?

மூன்றாவதுக்கு மனசே வரவில்லை. அடுத்த முறை அந்தச் சாக்கு மூட்டையைப் பிரித்து வெறுப்போடு உதறிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கறுப்பு பெல்ட்டோடு சுருட்டி வந்திருந்த உடுப்பு, மாஸ்டருடையது, அதன் முதுகும் மற்றதைப் போலவே அழுக்காக இருந்தது. தரையில் கிடந்து புரண்ட அழுக்கு. மற்ற இரண்டு பள்ளியிலும் மாஸ்டர் உடுப்பில் அக்குள் வியர்வை தவிர ஒன்றுமிருக்காது. இந்த ஆள் மட்டும் எதற்காகக் கீழே விழுகிறார்? அந்த மூட்டையை நானே கொண்டுபோகிறேன் என்று எடுத்து வைத்தேன்.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. தரை முழுக்கப் பச்சை மெத்தைப் பாய். கதவு விரியத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பழைய டயர் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் தோளுக்கு மேல் தூக்கி வீசினாள். வீசப்பட்டவள் எழுந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "இப்ப சரி, ஆனா இடுப்பை இன்னும் தாழ்த்து" என்றாள். விழுந்தவள்தான் மாஸ்டர். என்னைவிட இளையவள். காலையிலும் சாயங்காலமும் பஸ் ஓட்டுகிறாள், இரண்டு ஷிப்டுக்கும் நடுவே மத்தியானத்தில் வகுப்பு.

"இது கராத்தேவா?" என்று கேட்டேன்.

"ஜூடோ. உங்களுக்கு எது வேணும்?"

"கையைப் பிடிச்சா எடுக்கத் தெரியணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள். யார் பிடிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாள்.

முதல் பாடம் கையை எடுப்பது இல்லை. தட்டுவது. நர்ஸ் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வருகிறவள், என்னைப் பாயில் மல்லாக்கக் கிடத்தி மார்புக்குக் குறுக்கே படுத்து இறுக்கிக்கொண்டாள். நகர முடியவில்லை. மூச்சு மேல் பாதியிலேயே நின்றது. என் உடம்பு வழக்கப்படி தொளதொளவென்று போகத் தொடங்கியது. கண் சுவரைத் தேடியது.

"தட்டுங்க" என்றது மாஸ்டரின் குரல். "அவங்க முதுகுல, இல்லேன்னா தரையில. ரெண்டு தட்டு. வாயால சொன்னாலும் போதும். ஆனா வாய் வராத நேரம் இருக்கும், அப்ப கை வரும்."

நர்ஸின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

போய்விட்டாள். அவ்வளவுதான். தட்டிய கை கீழே விழுவதற்குள் அவள் என் மேல் இல்லை, பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை, "அதுக்குள்ளயா?" என்று கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் என்று இழுக்கவில்லை. அவள் கைகள் அவள் தொடையில் இருந்தன.

"மறுபடி பிடிங்க" என்றேன். பிடித்தாள். தட்டினேன். விட்டாள். "மறுபடி." பிடித்தாள், தட்டினேன், விட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. வயசு முப்பத்தாறு, தொட்டதுக்கெல்லாம் அழுகிற ரகமும் இல்லை. நர்ஸ் மறுபடி பிடித்தாள். வகுப்பு முடியும்வரை நாங்கள் வேறு எதுவும் செய்யவில்லை. மாஸ்டரும் எங்களை அப்படியே விட்டுவிட்டாள்.

கிளம்பும்போது கேட்டேன். "தட்டியும் விடலேன்னா?"

"அவங்களோட யாரும் மறுபடி ஜோடி சேரமாட்டாங்க."

"தண்டனை கிண்டனை?"

"எதுக்கு? ஜோடி இல்லாம எத்தனை நாள் நிப்பாங்க? தானா போயிடுவாங்க."

"போகலேன்னா?"

மாஸ்டர் பஸ் கம்பெனிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "அப்ப நாம போயிடணும்."

அதற்குப் பிறகு டெலிவரி நாளெல்லாம் ஓடினேன். மூட்டைகளை அரை ஓட்டமாகக் கொடுத்துவிட்டு, கிடைத்த நேரத்துக்குப் பாயில் விழுந்து எழுந்தேன். யார் என்னைத் தூக்கி எறிந்தாலும், அடுத்த முறை நான் அவர்களை எறிய விழுந்து கொடுத்தார்கள். கை எடுக்கவும் கற்றுக்கொண்டேன்: பிடித்தவரின் கட்டை விரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திருப்பி உருவ வேண்டும், நான்கு விரலோடு மல்லுக்கு நிற்கக்கூடாது. நர்ஸிடம் பத்தில் ஏழு தடவை வந்தது. அவளுக்கு வீட்டில் ஒரு மாடி அறை சும்மா கிடக்கிறது, எலி ஓடுகிறது, யாராவது இருந்தால் தேவலை என்று ஒரு நாள் முடியைப் பின்னிக்கொண்டே சொன்னாள். நான் எலிக்கு மருந்து சொன்னேன்.

வீட்டில் அவர் வேனில் போனதும் பாப்பாவோடு கட்டிலில் விளையாடுவேன். நான் பிடிப்பேன், அவள் தட்டுவாள், விடுவேன். பிறகு அவள் பிடிப்பாள். முதலில் நம்பாமல் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்து ஒரே தட்டுதான், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். விட்டுவிடுவேன் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம் வந்துவிட்டது. எனக்கு அது போதும் போல இருந்தது.

மாட்டிக்கொண்டது என் விரலால். ஜூடோ பள்ளியில் எனக்கென்று ஒரு பழைய உடுப்புக் கொடுத்திருந்தார்கள். அதை மூன்றாவது பள்ளி மூட்டையோடு போட்டுத் துவைத்து, அதோடேயே திருப்பிக் கொண்டுபோய்விடுவேன், யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் கடையில் சீட்டு ஒட்டுகிற வழக்கம் இல்லை. காலருக்கு உள்ளே நிற நூலால் மூன்று தையல் போடுவோம். ஓட்டலுக்கு நீலம், மூன்றாவது பள்ளிக்கு மஞ்சள், எங்கள் வீட்டுத் துணிக்குப் பச்சை. புதிதாக ஒரு துணி கைக்கு வந்தால் என் விரல் தானாக ஊசியைத் தேடும். இது யாருது என்று மனசு கேட்கும், விரல் நூலை எடுத்துவிடும். அந்த உடுப்பு முதல்முதலாகக் கைக்கு வந்தபோதும் கேட்டிருக்கிறது. என்னுது என்று பதில் வந்திருக்கிறது. பச்சை நூலில் மூன்று தையல், அத்தனை சுத்தமாக, நானே போட்டிருக்கிறேன். போட்ட ஞாபகம்கூட இல்லை.

அண்ணி மடித்துக்கொண்டிருந்தவர் காலரைத் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம வீட்டு நூலு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவருக்கு ஒரே குஷி. "கராத்தே கத்துக்கறியா? என்கிட்ட சொல்லவே இல்ல! வா, வா, காட்டு பாப்போம்." கடையில் ஒரு வாடிக்கைக்காரர் கோட்டுக்காகக் காத்திருந்தார். அன்றைக்கு அரை நாளோடு பள்ளி விட்டு வந்திருந்த பாப்பா, புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்காமல் நீராவி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வழக்கமான இடத்தில்.

"எடு பாப்போம்."

கட்டை விரல் பக்கம் திருப்பினேன். வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் இன்னொரு கையையும் போட்டுப் பிடித்துவிட்டார். கற்றுக்கொண்டதெல்லாம் அந்த இரண்டாவது கையோடு போயிற்று. மறுபடி உருவினேன், தோள் வரைக்கும் வலித்தது. "அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாள் போய்ட்டு வந்தே?" வாடிக்கைக்காரர் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். பயமாக இருந்தது எனக்கு. எல்லாருக்கும் நடுவில், பட்டப்பகலில், சிரிப்புச் சத்தத்தில், இந்தக் கை என் கையில்லை என்று பயமாக இருந்தது.

அவருடைய முழங்கைக்குக் கீழே இரண்டு தட்டுத் தட்டினேன்.

"என்னது, கொசு அடிக்கிறியா?"

மறுபடி தட்டினேன்.

"அப்பா," என்றாள் பாப்பா. "அம்மா தட்டிட்டாங்க. தட்டினா விடணும்."

"அப்படியா? விடலேன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். என்னிடம் பதில் இருந்தது, நான் கேட்டு வாங்கி வைத்திருந்த பதில்தான். இத்தனை வருஷமாக இந்தக் கையிலிருந்து எப்படி உருவுவது என்றே யோசித்திருக்கிறேன். பச்சை பெல்ட் வாங்கினாலும் அவருக்கு இன்னொரு கை இருக்கும். நான் தட்டியது அவருக்குப் புரியாமல் இல்லை. குழந்தை சொன்ன பிறகும் புரியாமல் போக அவர் ஒன்றும் மண்டு இல்லை. விட மனசில்லை, அவ்வளவுதான்.

போன் அடித்தது. ஓட்டல்காரர். "விரிப்பு எப்ப வரும்?" என்ற குரல் வெளியே கேட்கிற அளவுக்குக் கத்தினார். வீட்டுக்காரர் என் கையை விட்டுவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, மூட்டைகள் கிடக்கிற பின்கட்டுக்குப் போனார். என் மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அண்ணி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மடித்த உடுப்பை எடுத்து மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

"எங்க?" என்றார் அண்ணி.

"டெலிவரி."

என் கையில் மூட்டை இல்லை. அண்ணி என் வெறுங்கையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பின்கட்டில் அவர் குரல் ஓட்டல்காரரிடம் குழைந்துகொண்டிருந்தது. அண்ணி எழுந்தார். பச்சை நூல் போட்ட உடுப்பை என் கையில் திணித்தார். "வெறுங்கையோட போனா என்ன டெலிவரி?" என்று முணுமுணுத்தார். பலகையைத் தூக்கினார்.

தெருவில் வெயில். டயர் கடை வலது பக்கம், மூன்று தெரு தள்ளி; வகுப்பு முடிந்திருக்காது, நர்ஸ் இருப்பாள், எலி ஓடுகிற அறையைப் பற்றிக் கேட்க வேண்டும். மனசுக்குள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடியது. பின்னால் கடைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தேன். குழந்தை கிட்டத்தட்ட ஓடி வந்தாள். முதல் தெரு முனை தாண்டியிருப்போம்.

என் கையின் மேல் இரண்டு தட்டு விழுந்தது.

குனிந்து பார்த்தேன். என் விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி இருந்தன. சற்று மேலே, எலும்பு துருத்துகிற இடத்தில். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கியிருந்தேன்.

விட்டேன். உடனே விட்டேன்.

அவள் மணிக்கட்டைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டாள். முதுகுப் பையைச் சரிசெய்தாள். வந்த வழியைத் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். நான் அவளைத் தொடாமல் நின்றேன். தெருவில் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவளாகவே கையை நீட்டி, என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள்.